குடத்தின் சத்தமும் மோட்டாரின் மௌனமும்

கோடையில் சென்னைப் புறநகரான பொழிச்சலூரின் தெருவொன்றில் தண்ணீர் லாரி வந்து நின்றால் முதலில் கேட்பது குடங்களின் சத்தம், அடுத்துக் கேட்பது மனிதர்களின் சத்தம். யார் முதலில் வந்தது, யார் கல்லை வைத்து இடம் பிடித்தது, நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு எட்டுக் குடம் என்று சண்டை தெருமுனை வரை கேட்கும். அதே தெருவில் ஆழமாகப் போர் போட்ட வீடுகளும் உண்டு. அங்கே மோட்டார் நிலத்துக்குள் கிடக்கிறது, ஓடுவதே வெளியில் தெரியாது. அது யாரோடும் சண்டைக்கு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பழைய கிணற்றில் நீர்மட்டம் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் இந்தத் தெருவில் சுயநலக்காரர் யார் என்று வழிப்போக்கர் ஒருவரைக் கேட்டால், அவர் கை குடங்களின் பக்கம்தான் நீளும்.

சிறுகதையின் கை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது? வறுமையில் வாழ்கிறவரின் தன்னலத்தையும் வசதியில் வாழ்கிறவரின் தன்னலத்தையும் அது ஒரே தராசில் நிறுத்தியிருக்கிறதா? புதுமைப்பித்தன் காலம் முதல் நம் காலம் வரையிலான சில தமிழ்க் கதைகளையும், பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்த பிறமொழிக் கதைகளையும் கொண்டு இந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாவல்களை விட்டுவிட்டேன். ஒரு மனிதர் ஒரு நாளில் செய்யும் ஒரே ஒரு காரியத்தைப் பிடித்து நிறுத்திக் காட்ட வல்லது சிறுகதைதான். தன்னலம் என்பதும் கடைசியில் ஒரு காரியம்தானே.

இரண்டு சுலபமான விடைகள்

இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் தயாராகக் கிடைக்கின்றன. பசி வந்தால் மனிதர் விலங்காகிவிடுவார் என்பது ஒன்று. பணம் வந்தால் நெஞ்சு கல்லாகிவிடும், குடிசையில்தான் ஈரம் இருக்கும் என்பது மற்றொன்று. முதல் விடை வசதியாக இருப்பவர்களுக்கு ஆறுதல் தருகிறது. இரண்டாவது விடையை வைத்து நம் வாரப் பத்திரிகைகளும் சினிமாவும் பல பத்தாண்டுகள் பிழைத்திருக்கின்றன. நல்ல கதைகளை வரிசையாக எடுத்து வாசித்தால் இரண்டுமே நிற்பதில்லை. அந்தக் கதைகள் காட்டும் வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது.

பசித்தவரின் தன்னலம்

முதல் விடைக்குச் சாட்சியாக எப்போதும் அழைத்து வரப்படும் கதை பிரேம்சந்தின் ‘கஃபன்’. 1930களின் நடுவில் எழுதப்பட்டது. குடிசைக்குள் மருமகள் பிரசவ வேதனையில் துடிக்கிறாள். வெளியே அப்பனும் மகனும் உருளைக்கிழங்கு சுட்டுத் தின்கிறார்கள். இருவரில் யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை, எழுந்து போனால் மற்றவன் கிழங்கை முடித்துவிடுவான் என்ற பயம். அவள் இறந்த பிறகு சவத்துணிக்காக ஊரில் பிரித்த காசையும் குடித்துத் தீர்க்கிறார்கள். இதைவிடக் கேவலமான தன்னலத்தை இந்தியச் சிறுகதையில் தேடுவது கடினம்.

ஆனால் அந்தக் கதைக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடுகிறது. மாடாய் உழைக்கும் குடியானவர்களும் அந்த ஊரில் இவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் நன்றாக வாழ்ந்துவிடவில்லை. உழைத்தும் பயனில்லாத இடத்தில் உழைக்காமல் இருப்பவன் புத்திசாலி ஆகிவிடுகிறான் என்பதைப் பிரேம்சந்த் ஒளிக்காமல் வைக்கிறார். உயிரோடு இருந்தவளுக்கு மருந்துக்குக் காசு தராத ஊர், செத்தவளுக்குப் புதுத் துணி போர்த்தத் தருகிறது. தன்னலத்தின் சில்லறை வடிவம் குடிசை வாசலில் நடக்கிறது, மொத்த வியாபாரம் ஊருக்குள் நடக்கிறது.

தமிழில் இதற்கு நிகராக வைக்கத் தகுந்தது வண்ணநிலவனின் ‘எஸ்தர்’. மழை பொய்த்து ஊரே காலியாகிறது. பிழைக்கப் போகும் குடும்பத்துக்கு நடக்க முடியாத பாட்டி பெரும் பாரம். விட்டுப் போகவும் முடியாது, தூக்கிப் போகவும் முடியாது. புறப்படுவதற்கு முன் பாட்டி இறந்துவிடுகிறாள். எப்படி என்பதை ஆசிரியர் நேராகச் சொல்வதில்லை. வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் எஸ்தரே அதைச் செய்கிறாள். இதைத் தன்னலம் என்று சொல்ல நாக்கு எழுவதில்லை, அல்ல என்று சொல்லவும் துணிவு வருவதில்லை. அந்தத் தடுமாற்றத்தில்தான் கதை உயிரோடு இருக்கிறது.

1934இல் ‘மணிக்கொடி’ இதழில் வந்த புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ நகரத்துக்கு வருகிறது. காயம்பட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி கொடுக்க அம்மாளு இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். வண்டிக்காரக் கணவன் கஞ்சி கேட்கிறான், அதற்கான காசு எங்கிருந்து வரும் என்பது அவனுக்குக் கவலையில்லை. ஆசிரியரின் கோபமோ அவர்கள் இருவர் மீதும் இல்லை, கற்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் வாசகர் மீது பாய்கிறது.

இந்த மூன்று கதைகளுக்கும் பொதுவான ஒரு கூறு உண்டு. ஏழையின் தன்னலம் முகத்துக்கு முகம் நடக்கிறது. யாரை ஏமாற்றுகிறோம், யாருடைய பங்கைத் தின்கிறோம் என்பது செய்கிறவருக்குத் தெரியும். பாதிக்கப்படுகிறவர் கையெட்டும் தூரத்தில், பல சமயம் ஒரே பாயில் கிடக்கிறார். அதனால்தான் அது அவ்வளவு கோரமாகத் தெரிகிறது.

வசதியானவரின் தன்னலம்

தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ கதையில் சாமநாது ஒன்றும் பட்டினி கிடப்பவர் அல்ல. அண்ணன் மகன் சுப்பராயன் தன் கண்ணெதிரே செழித்து, பிள்ளை பெண்களுக்கெல்லாம் சிறப்பாகக் கல்யாணம் செய்து வைப்பதைப் பொறுக்க முடியாதவர். கல்யாண வீட்டில் பெரிய பாத்திரம் நிறையக் கொதிக்கும் பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, அதில் எலி கிடந்தது என்கிறார். அந்தப் பாயசத்தால் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எல்லாம் இருப்பவரின் வயிற்றெரிச்சலுக்குப் பயன் என்று ஒன்று தேவைப்படுவதில்லை. 2021இல் ‘நவரசா’ தொகுப்பில் இது படமாகவும் வந்தபோது, புதிதாகப் பார்த்தவர்களுக்கும் சாமநாதுவை அடையாளம் தெரிந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சாமநாது உண்டு.

அதே ஜானகிராமனின் ‘பரதேசி வந்தான்’ கதையில் ஒரு வக்கீல், பந்தியில் உட்கார்ந்துவிட்ட பிச்சைக்காரனை இலையிலிருந்து எழுப்பித் துரத்துகிறார். வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. அந்த வரிசையில் அவன் உட்கார்ந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பந்தி என்பதே யார் உள்ளே, யார் வெளியே என்று காட்டும் ஏற்பாடுதான். அங்கே தன்னலம் பண்டத்தைக் காப்பதில்லை, எல்லைக்கோட்டைக் காக்கிறது.

இவ்விரு கதைகளிலும் வசதியானவர் நேரில் இறங்கிக் குற்றம் செய்கிறார். அது வசதியின் இயல்பான வடிவம் அல்ல. இயல்பான வடிவத்தைப் புதுமைப்பித்தன் ‘மகாமசானம்’ கதையில் பிடித்திருக்கிறார். பட்டணத்துப் பெருஞ்சாலையின் ஓரத்தில் ஒரு பிச்சைக்காரன் செத்துக்கொண்டிருக்கிறான், ஊர் அவனைச் சுற்றிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போகிறது. யாரும் அவனை அடிக்கவில்லை, அவனிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் நின்று பார்க்கிறது. யாரும் எதுவும் செய்யாததே அங்கே குற்றம்.

இதை ஒரு கொள்கையாகவே சொன்னவர் செக்காவ். 1898இல் வெளிவந்த ‘நெல்லிக்காய்’ கதையில், தன் தோட்டத்து நெல்லிக்காயைத் தின்று திருப்தியாக இருக்கும் தம்பியைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன் குமுறுகிறான். மகிழ்ச்சியாக இருக்கும் ஒவ்வொருவர் கதவுக்குப் பின்னாலும் சுத்தியலோடு ஒரு ஆள் நின்று, துன்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தட்டித் தட்டி நினைவுபடுத்த வேண்டும் என்கிறான். வசதியின் தன்னலம் சத்தமில்லாதது, அதற்கு வெளியிலிருந்துதான் சத்தம் கொடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஜெயமோகனின் ‘அறம்’ கதையில் அந்தச் சுத்தியலாக ஓர் ஆச்சி வருகிறார். எழுத்தாளருக்குச் சேர வேண்டிய பணத்தைப் பதிப்பாளர் தராமல் இழுக்கிறார். கணக்குப் புத்தகத்தில் அது வெறும் ஒரு வரி. விஷயம் தெரிந்ததும் பதிப்பாளரின் மனைவியான அந்த ஆச்சி கொதிக்கும் தார்ச்சாலையில் போய் உட்கார்ந்துவிடுகிறார். பணம் கைக்குப் போய்ச் சேரும்வரை எழுந்திருப்பதில்லை. கணக்குக்குள் ஒளிந்திருந்த தன்னலம் ஒரே மதியத்தில் தெருவுக்கு வந்துவிடுகிறது.

இடம் மாறினால்

பணம் இருப்பவரைப் பசியில் விட்டால் என்ன ஆகும்? 1880இல் மொப்பசான் ‘பூல் த சுயிஃப்’ கதையில் அதைச் செய்து பார்த்தார். போரில் பிடிபட்ட பிரெஞ்சு ஊரிலிருந்து ஒரு வண்டியில் சீமான்களும் வியாபாரிகளும் கன்னியாஸ்திரீகளும் ஒரு விலைமாதுவும் புறப்படுகிறார்கள். வழியில் எல்லோருக்கும் பசி. சாப்பாட்டுக் கூடை அவளிடம் மட்டுமே இருக்கிறது. எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கிறாள். பிறகு தங்கள் பயணம் தடைபடாமல் இருக்க, எதிரி அதிகாரிக்கு இணங்கும்படி அவளை எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். காரியம் முடிந்து வண்டி மறுபடி கிளம்பும்போது அவர்களிடம் சாப்பாடு இருக்கிறது, அவளிடம் இல்லை. ஒருவரும் ஒரு துண்டுகூட நீட்டுவதில்லை. வாங்கித் தின்ற வாய்கள்தான், ஆனாலும் கூடை தங்கள் மடிக்கு வந்ததும் பசி என்றால் என்ன என்பதே அவர்களுக்கு மறந்துபோகிறது.

நடுவில் இருப்பவர்களுக்குச் சுந்தர ராமசாமியின் ‘பிரசாதம்’ இருக்கிறது. குழந்தையின் பிறந்தநாள் அர்ச்சனைக்கு ஐந்து ரூபாய் தேவைப்படும் போலீஸ்காரர், யாரையாவது மிரட்டிப் பறிக்கலாம் என்று அலைந்து ஒரு கோயில் அர்ச்சகரைப் பிடிக்கிறார். இரண்டு பேருமே சின்ன மனிதர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துப் பயப்படுகிறார்கள். மிரட்டலில் தொடங்கும் உறவு சிரிப்பில் முடிகிறது. அரைகுறைப் பணமும் அரைகுறை அதிகாரமும் உள்ளவர்களின் தன்னலத்தை இவ்வளவு சிரிப்போடு எழுதியவர்கள் தமிழில் குறைவு.

கிணறு, ரயில், வெள்ளம்

தண்ணீர் வரும் கதைகளில் இந்த வேறுபாடு கண்ணாடிபோல் தெரிகிறது. பிரேம்சந்தின் ‘தாக்கூரின் கிணறு’ கதையில் நோயாளிக் கணவனுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர, தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் ஒருத்தி இரவில் தாக்கூர் வீட்டுக் கிணற்றடிக்குப் போகிறாள். வாளி மேலே வரும் நேரத்தில் வீட்டுக் கதவு திறக்கிறது. கயிறு கைநழுவி, வாளி பெரும் சத்தத்தோடு உள்ளே விழுகிறது. யாரது என்று குரல் கேட்க அவள் ஓடுகிறாள். வீட்டுக்கு வந்தால் கணவன் நாறிய தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கிறான். தாக்கூர் அன்றிரவு செய்த காரியம் கதவைத் திறந்தது மட்டும்தான். கிணற்றைச் சாதியால் மூடியது பல தலைமுறைக்கு முன்பே முடிந்துவிட்ட வேலை. சத்தம் போட்டுப் பிடிபட்டது அவள் வாளி.

கந்தர்வனின் ‘தண்ணீர்’ இராமநாதபுரத்து வறட்சியைச் சொல்கிறது. ஸ்டேஷனில் நிற்கும் ரயிலின் குழாயில் தண்ணீர் பிடிக்க ஊரே முண்டியடிக்கிறது. குடம் நிறைவதற்குள் ரயில் கிளம்பி, இந்திரா என்ற பெண் அதோடு போய்விடுகிறாள். பெற்றவர்கள் பதறித் தண்டவாளத்தோரம் தேடிப் போனால், அவள் நிறைகுடத்தோடு நடந்து வருகிறாள். முண்டியடித்தவளும் அவள்தான், அத்தனை தூரம் ஒரு வீட்டுக்காகச் சுமந்து வந்தவளும் அவள்தான். அவள் தன்னலம் எங்கே முடிகிறது, தியாகம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ஒரு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. கதையில் கிராமம் ரயிலிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டது. நடப்பில் நகரம் இன்னொரு ஊரிலிருந்து ரயில் நிறைய எடுத்துக்கொண்டது. ஜோலார்பேட்டைப் பக்கத்தில் அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. நகரத்துக் குழாயடியில் நின்ற எவரும் அந்த ஊர்க்காரரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

தண்ணீர் குறைந்தால் மட்டுமில்லை, மிகுந்தாலும் இதே பாடம்தான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டபோது, அடையாற்றங்கரையில் இருக்கும் பொழிச்சலூர், அனகாபுத்தூர், கவுல் பஜார் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. ஆற்றின் மேலேயே பாலம் போட்டு ஓடுபாதை அமைத்த விமான நிலையமும் மூழ்கிச் சில நாள்கள் மூடப்பட்டது. வெள்ளத்துக்கு ஏழை பணக்காரர் இல்லை என்று அப்போது பலரும் சொன்னார்கள். வெள்ளத்துக்கு இல்லாமல் இருக்கலாம், மாடி வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் இருந்தது.

அந்த நாள்களை நினைக்கும்போது தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘வெள்ளப்பொக்கத்தில்’ கதைதான் நினைவுக்கு வருகிறது. குட்டநாட்டில் வெள்ளம் சூழ்ந்த குடிசையிலிருந்து ஓர் ஏழைக் குடும்பம் படகில் தப்பிக்கிறது. அந்த அவசரத்தில் நாய் கூரைமேல் விடுபட்டுப்போகிறது. போன எசமானின் வாழைக்குலையைத் திருடர்களிடமிருந்து காக்க அது குரைக்கிறது. யாரும் அதை ஏற்றிக்கொள்வதில்லை. கடைசியில் செத்து மிதக்கிறது. எசமான் கொடியவன் அல்ல, தப்பிக்கும் பரபரப்பில் மறந்தவன். பிற்பாடு தேடியும் வருகிறான். படகுக்குள் இருப்பவருக்கும் கூரைமேல் இருப்பவருக்கும் இடையே உள்ள தூரத்தை, மிக ஏழையான ஒருவனையே படகுக்காரன் ஆக்கித் தகழி காட்டிவிடுகிறார். வசதி என்பது பணம் மட்டுமல்ல, அந்தக் கணத்தில் படகில் இடம் இருப்பதும் வசதிதான்.

கொடுக்கிற கைகள்

எதிர்ச்சான்றையும் பார்க்க வேண்டும். கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ பணக்காரச் சிறுவனும் ஏழைச் சிறுவர்களும் உன்னுடையதா என்னுடையதா பெரிது என்று போட்டி போடுவதில் தொடங்குகிறது. தீபாவளிக்கு முந்தின இரவு, தாயம்மாள் வீட்டு வாசலில் சொறிபிடித்த அநாதைச் சிறுவன் ஒருவன் வந்து நிற்கிறான். தன் பிள்ளைகளோடு அவனையும் குளிப்பாட்டும் தாயம்மாள், கணவனுக்காக எடுத்துவைத்த துண்டை அவனுக்குக் கட்டிவிடுகிறாள். இங்கே கவனிக்க வேண்டியது, தாயம்மாள் முதலில் தயங்குகிறாள் என்பது. கொடுத்தால் வீட்டில் ஒருவருக்குக் குறையும் என்று அவளுக்குத் தெரியும். குறையும் என்று தெரிந்து கொடுப்பதால்தான் அந்தத் துண்டுக்கு எடை வருகிறது.

ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ கதையில், வேலைக்காரியாகக் கல்கத்தாவுக்குப் போகும் சிறுமிக்குத் தான் தின்னாமல் வைத்திருந்த ஆரஞ்சைக் கொடுக்கிறான் ஒரு பையன். அவனும் அவளும் ஒரே ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ கதையில், திருவனந்தபுரத்தில் சோற்றுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிப் யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்று பார்க்காமல் பரிமாறுகிறார். சொந்த மாமி கணக்குப் பார்த்து வைத்த இலையிலிருந்து எழுந்து வந்த மாணவன் அங்கே வயிறாரச் சாப்பிடுகிறான். மாமியும் வறுமைக்கு அஞ்சியவள்தான் என்பதை அவன் பின்னால் உணர்வது கதையின் நியாயம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கதைகளில் பிறருக்காகத் தன்னை இழக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் மேலும் குழந்தைகள் மேலும் விழுகிறது. அம்மாளு, தாயம்மாள், இந்திரா, ஆச்சி என்று பெயர்கள் நீள்கின்றன. எஸ்தருடைய கொடிய முடிவும்கூடக் குடும்பத்துக்காகத்தான். தன்னலத்தை விமர்சிக்கும் சிறுகதை, வீட்டுக்குள் ஆண் அனுபவிக்கும் மௌனமான தன்னலத்தைப் பல இடங்களில் பார்க்காமல் கடந்திருக்கிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ வந்த பிறகே அந்தக் கதவு நன்றாகத் தட்டப்பட்டது.

ஆய்வாளர்கள் சொன்னது

சமூக அறிவியலும் இதே கேள்வியோடு அலைந்திருக்கிறது. காலின் டர்ன்புல் 1972இல் எழுதிய நூலில் உகாண்டாவின் இக் மக்களைப் பஞ்சத்தால் அன்பே வற்றிப்போனவர்களாகக் காட்டினார். பின்னால் போன ஆய்வாளர்கள் அதே மக்களிடம் பகிர்ந்துண்ணும் வழக்கத்தைக் கண்டார்கள். டர்ன்புல் பார்த்தது ஒரு பஞ்சத்தை, ஒரு பண்பாட்டை அல்ல.

2010இல் அமெரிக்காவில் பால் பிஃபும் உடனிருந்தவர்களும் செய்த சோதனைகள், வசதி குறைந்தவர்களே அதிகம் கொடுப்பதாகக் காட்டின. 2015இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பெரிய அளவிலான தரவுகளை எடுத்துப் பார்த்தபோது பல இடங்களில் முடிவு தலைகீழாக வந்தது. ஜோசப் ஹென்ரிக் குழு 15 சிறு சமூகங்களில் ஒரு பங்கீட்டு விளையாட்டை நடத்தி 2001இல் வெளியிட்டது. ஒருவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்து அடுத்தவருக்கு எவ்வளவு தருவாய் என்று கேட்பது, அடுத்தவர் மறுத்தால் இருவருக்கும் இல்லை என்பது விதி. பெருவின் மச்சிகுவெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம் தர முன்வந்தார்கள். இந்தோனேசியாவின் லமலெரா மக்கள் 58 சதவீதம் தந்தார்கள். இரண்டுமே பணக்காரச் சமூகங்கள் அல்ல. ஆனால் லமலெராக்காரர்கள் கூட்டாகப் படகேறித் திமிங்கிலம் பிடித்துப் பங்கு போட்டுப் பழகியவர்கள். கொடுக்கும் அளவைத் தீர்மானித்ததில் வருமானத்தைவிட அன்றாட வேலையின் அமைப்புக்குப் பெரிய பங்கு இருந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும் வேலை, பங்கு போடும் பழக்கம் ஆகியவற்றின் பக்கம் இந்த எண்கள் கை காட்டுகின்றன.

முடிவு

கதைகளையும் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது. தன்னலத்தின் அளவில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இயற்கையான ஏற்றத்தாழ்வு இல்லை. தூரத்தில்தான் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ஏழை பறிப்பது பக்கத்தில் இருப்பவரிடமிருந்து, அதனால் சண்டையும் குற்ற உணர்வும் சில நேரம் மன்னிப்பும் உண்டாகின்றன. வசதியானவர் பறிப்பது மதிலுக்கு அப்பால், நிலத்துக்கு அடியில், கணக்குப் புத்தகத்தில், வேறோர் ஊரில் நடக்கிறது. அங்கே பாதிக்கப்பட்டவரின் முகம் தெரிவதில்லை, ஆகவே அதற்குத் தன்னலம் என்ற பெயரே வைக்கப்படுவதில்லை. ஏற்பாடு என்று பெயர்.

குடத்துச் சண்டையை எழுதுவதில் தமிழ்ச் சிறுகதை வல்லமை பெற்றுவிட்டது. பசியையும் பகிர்தலையும் அது உலகின் எந்த மொழிக்கும் குறையாமல் எழுதியிருக்கிறது. மோட்டாரை எழுதுவதில் இன்னும் தயங்குகிறது. சாமநாது பாயசத்தைக் கவிழ்த்ததை நாம் பார்த்தோம். பாயசத்தைக் கவிழ்க்காமலே, யாரையும் திட்டாமலே, வரியையும் கட்டிவிட்டு, ஒரு தெருவின் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் நல்ல மனிதரை நாம் அதிகம் பார்க்கவில்லை. ஒருவேளை எழுதுகிறவர்களிலும் வாசிக்கிறவர்களிலும் பலர் வீட்டில் அந்த மோட்டார் ஓடுவதால் இருக்கலாம். இந்தக் கட்டுரையை எழுதும் வீட்டிலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.